கரண்ட் தனி, கணப்பு அடக்கம்: நியூயார்க் வாடகை வீடுகளின் கதை

சென்னையில் வாடகைக்கு வீடோ ரூமோ தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். "வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இத்தனை மாசம். கரண்ட் தனி, தண்ணி தனி, மெயின்டனன்ஸ் தனி." ஒவ்வொரு 'தனி'க்கும் நம் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஹவுஸ் ஓனர் அதைக் கவனிக்காத மாதிரி மாடிப்படியைக் காட்டிக்கொண்டு முன்னால் போவார்.

உலகத்திலேயே வாடகை அதிகமான ஊர்களில் ஒன்று நியூயார்க். அங்கேயும் எல்லாமே 'தனி'யாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஊர் வாடகை விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "ஹீட், ஹாட் வாட்டர் இன்க்ளூடட்". அதாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கணப்புச் செலவும் வெந்நீரும் வாடகைக்குள்ளேயே அடக்கம். ஆனால் மின்சாரம் பெரும்பாலும் தனி. ஏன் ஒன்று அடக்கம், இன்னொன்று தனி? ஓனர்கள் அவ்வளவு நல்லவர்களா?

இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான சண்டை இருக்கிறது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது ஒரு நல்ல காஸ்ட் அக்கவுண்டிங் பாடமும் கூட. அந்தக் கதைதான் இது.

கரி சுமந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் நியூயார்க்கில் ஏழைத் தொழிலாளர்கள் இருந்தது 'டெனமென்ட்' எனப்படும் அடுக்குமாடி ஒண்டுக்குடித்தனங்களில். நம்ம திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளை ஐந்து மாடிக்கு அடுக்கியது போலக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆர்ச்சர்ட் தெருவில் 97ஆம் எண் வீடு 1863ல் கட்டப்பட்டது. இப்போது அது அருங்காட்சியகம். கட்டியபோது உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது, காஸ் கிடையாது, கழிப்பறை கொல்லைப்புறத்தில். ஓனர் கொடுத்தது நாலு சுவரும் ஒரு கூரையும்தான்.

குளிர்காலத்தில் அந்த ஊரில் பனி கொட்டும். சூட்டுக்கு என்ன வழி? சமையல் அடுப்புதான். கரியைக் காசு கொடுத்து வாங்கி, குடித்தனக்காரரே மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் தூக்கினார்கள். பிறகு காஸ் வந்தபோது பல வீடுகளில் காசு போடும் மீட்டர் வைத்தார்கள். நாணயம் போட்டால் காஸ் வரும், காசு தீர்ந்தால் நின்றுவிடும். இன்றைய ப்ரீபெய்டு ரீசார்ஜுக்குக் கொள்ளுத்தாத்தா!

ஆக ஆரம்பத்தில் எல்லாமே 'தனி'தான். எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவுக்குக் காசு. காசு இல்லையா, குளிரில் கிட. கணக்கு மட்டும் ரொம்பச் சுத்தம்.

அடித்தளத்தில் ஒரு பாய்லர்

1901ல் நியூயார்க் மாகாணம் புதிய டெனமென்ட் வீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாகக் கட்டும் கட்டிடத்தில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும், வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்றது. கட்டிடங்கள் பெரிதாகின. அதே காலத்தில் நடுத்தர மக்களுக்கான அபார்ட்மெண்டுகளில் நீராவிக் கணப்பு பரவியது. கட்டிடத்தின் அடித்தளத்தில் ஒரே ஒரு பெரிய பாய்லர். அதில் கரியைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால், நீராவி குழாய் வழியாக மேலே ஏறி ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராக மாறி, அதே குழாயிலேயே கீழே இறங்கி வரும்.

இங்கேதான் 'அடக்கம்' பிறந்தது. கரி ஓனருடையது, பாய்லர் ஓனருடையது, அதை எரிக்கிற ஆளும் ஓனருடைய ஆள். எந்த வீட்டுக்கு எவ்வளவு நீராவி போனது என்று அளக்க வழியில்லை. ஒரே குழாயில் நீராவி ஏறுகிறது, தண்ணீர் இறங்குகிறது. அதில் எங்கே மீட்டர் வைப்பது? அளக்க முடியாததைத் தனித்தனியாக விற்க முடியாது. அதனால் மொத்தச் செலவையும் வாடகையில் சேர்த்துவிட்டார்கள். இது கருணையால் வந்த முடிவு இல்லை, குழாயால் வந்த முடிவு.

குடித்தனக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இனி கரி சுமக்க வேண்டாம், விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டாம். வாடகை கூடினாலும் 'நீராவிக் கணப்பு உள்ள வீடு' என்பது ஒரு கௌரவமானது. அந்த வசதி இல்லாத பழைய வீடுகளுக்குக் 'குளிர்நீர் வீடு' என்ற பெயர் நிலைத்தது. 1950களிலும் அப்படிப்பட்ட வீடுகள் அங்கே இருந்தன.

இரண்டு சபலங்கள்

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம்.

வாடகை மாதம் 30 டாலர், கணப்பு அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (எண் சும்மா உதாரணத்துக்கு.) இதில் ஓனருக்கு வரவு நிலையானது. ஆனால் கரிச் செலவு மாறக்கூடியது. அப்படியானால் அவர் லாபத்தைக் கூட்ட எளிய வழி எது? கரியை மிச்சப்படுத்துவது. பாய்லரில் போடாத ஒவ்வொரு மண்வெட்டிக் கரியும் அவர் பையில் லாபம்.

குடித்தனக்காரருக்கு இது தலைகீழ். அவருக்கு வாடகை நிலையானது. அதற்கு மேல் எவ்வளவு சூடு பயன்படுத்தினாலும் கூடுதல் செலவு பூஜ்யம். அப்புறம் ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்?

ஆக 'எல்லாம் அடக்கம்' என்ற ஒப்பந்தத்தில் இரண்டு சபலங்கள் ஒளிந்திருக்கின்றன. ஓனருக்குக் குறைத்துக் கொடுக்கிற சபலம். குடித்தனக்காரருக்கு வீணடிக்கிற சபலம். இந்த இரண்டையும் நியூயார்க் எப்படிச் சமாளித்தது என்பதுதான் மீதிக் கதை.

1917ன் குளிர்

முதல் சபலம் முதலில் வெடித்தது. அமெரிக்கா 1917 ஏப்ரலில் முதல் உலகப் போரில் இறங்கியது. கரி போர்த் தொழிற்சாலைகளுக்கும் கப்பல்களுக்கும் போனது. ரயில் பாதைகள் நெரிசலில் திணறின. அந்த நேரம் பார்த்து வந்தது மிகக் கடுமையான ஒரு குளிர்காலம். 1917 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கில் வெப்பநிலை மைனஸ் 13 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கியது. நம் கணக்கில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ்! 1918 ஜனவரியில் கரியை மிச்சப்படுத்த மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே தொழிற்சாலைகளைச் சில நாள் மூடச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போட்டது.

வாடகை வீடுகளில் ரேடியேட்டர்கள் சில்லென்று கிடந்தன. "கரி கிடைக்கவில்லை, நான் என்ன செய்ய?" என்றார்கள் ஓனர்கள். பலருக்கு உண்மையிலேயே கிடைக்கவில்லை. சிலர் அதையே சாக்காக வைத்துக்கொண்டார்கள். ஆனால் கணப்பு நின்றாலும் வாடகை குறையவில்லை. கரி அடுப்பு இருந்த பழைய டெனமென்ட்காரருக்காவது ஒரு வாளிக் கரி தேடிப்போய் வாங்கி எரிக்கிற சுதந்திரம் இருந்தது. நீராவிக் கணப்பு வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. கையில் காசு இருந்தாலும் சூட்டை வாங்க முடியாது, ஏனென்றால் அடுப்பு அவர் கையில் இல்லை. பில் ஓனரிடம் போனபோது சுவிட்சும் கூடவே போய்விட்டது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒரு எண் பிறந்தது: 68. வாடகை ஒப்பந்தத்தில் கணப்பு அடக்கம் என்றால் குளிர்காலப் பகல் நேரத்தில் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி பாரன்ஹீட் (20 டிகிரி செல்சியஸ்) இருக்க வேண்டும் என்று நகரத்தின் சுகாதார வாரியம் விதி செய்தது. 1920ல் மாகாணச் சட்டசபை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய தண்ணீர், கணப்பு, வெளிச்சம் போன்றவற்றை ஓனர் வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டால் அது கிரிமினல் குற்றம் என்றது. ஓனர்கள் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1921ல் மார்க்கஸ் பிரவுன் நிறுவனத்தின் வழக்கில் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில் அந்தச் சட்டம் செல்லும் என்று முடிவானது.

எனக்கு இந்த 68 ரொம்பப் பிடித்திருக்கிறது. 'கணப்பு அடக்கம்' என்பது வெறும் வாய்வார்த்தை. எவ்வளவு கணப்பு? யார் சொல்வது? தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து 68 இல்லையென்றால் புகார் கொடுக்கலாம் என்றவுடன்தான் அந்த வாய்வார்த்தை உரிமையானது. நீராவியை அளக்க முடியாவிட்டால் என்ன, அறையின் சூட்டை அளக்கலாமே! அதுதான் அந்த எண்ணின் புத்திசாலித்தனம்.

இன்றும் அதே எண்தான். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. வெந்நீர் வருடம் முழுக்க 120 டிகிரி. இரண்டாம் உலகப் போரின்போது 1943ல் வாடகை உறையவைக்கப்பட்டபோதும், ஏற்கெனவே கொடுத்துவந்த வசதிகளைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தே வந்தது. வாடகையை ஏற்றாமல் வசதியைக் குறைத்தால் அதுவும் வாடகை உயர்வுதானே.

ஜன்னலைத் திற

இரண்டாவது சபலத்துக்கு வருவோம். பழைய நியூயார்க் அபார்ட்மெண்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியே பனி கொட்டும், ஜன்னல் திறந்து கிடக்கும்! உள்ளே அவ்வளவு புழுக்கம். பாய்லரிலிருந்து தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும் 68 வர வேண்டும் என்று எரித்தால், பக்கத்தில் இருக்கும் வீடு வெந்துபோகும். ரேடியேட்டரைக் கூட்டவோ குறைக்கவோ சரியான வழி இல்லை. ஒரே வழி ஜன்னல். செலவு ஓனருடையது என்பதால் யாருக்கும் உறுத்தவும் இல்லை.

கரியும் எண்ணெயும் மலிவாக இருந்தவரை இது வேடிக்கையாக இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டன. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பாதிக்கு மேல் நகரம் எண்ணெய் பாய்லரில் ஓடிக்கொண்டிருந்ததா, சரியாக அடி விழுந்தது. வாடகையோ பல வீடுகளில் கட்டுப்பாட்டில் இருந்தது. ஏழைப் பகுதி ஓனர்கள் பலர் கணப்பை நிறுத்தினார்கள், வரி கட்டுவதை நிறுத்தினார்கள், கடைசியில் கட்டிடத்தையே கைவிட்டார்கள். 70களில் தெற்கு பிராங்ஸ் பகுதி காலியாகி எரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. எண்ணெய் பில்லும் அதில் ஒன்று. 68 என்ற எண் சட்டப் புத்தகத்தில் இருந்தது, கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. சட்டம் ஒரு கடமையைச் சுமத்தலாம், அதைச் செய்யப் பணம் எங்கே வரும் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

மின்சாரம் பிரிந்து போன கதை

மின்சாரத்தின் வழி வேறு. 1882 செப்டம்பரில் எடிசன் பேர்ல் தெருவில் மின் நிலையத்தைத் தொடங்கியபோதே, அளந்து விற்பதுதான் வியாபாரம் என்று அவருக்குத் தெரியும். மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, நீராவிக் குழாயின் சிக்கல் இல்லை.

ஆனாலும் பல பெரிய கட்டிடங்களில் ஒரே மெயின் மீட்டர்தான். ஓனர் மொத்தமாக மலிவு விலைக்கு வாங்குவார். பிறகு அவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் சப் மீட்டர் வைத்துச் சில்லறை விலைக்கு விற்பது. இரண்டு, வாடகையோடு சேர்த்துவிடுவது. சப் மீட்டர் வியாபாரத்தை மாகாணத்தின் பொதுச் சேவை ஆணையம் 1951ல் தடை செய்தது. வாடகையோடு சேர்ப்பதை அப்போது தொடவில்லை. விளைவு? ஜன்னல் ஏசி பரவிய காலத்தில் சில கட்டிடங்களில் குடித்தனக்காரர்கள் காசில்லாமல் ஏசி ஓட்டினார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட வீடுகளில் ஏசி வைத்தால் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று விதி உண்டு.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு காற்று திசை மாறியது. 1978ல் மத்திய அரசு கொண்டுவந்த மின்சாரச் சட்டம் ஒன்று, புதுக் கட்டிடங்களில் ஒரே மெயின் மீட்டர் முறையைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ ஆலோசிக்கும்படி மாகாணங்களைக் கேட்டது. 1979ல் நியூயார்க் ஆணையம் சப் மீட்டருக்கு மறுபடி நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. அதாவது 1951ல் குடித்தனக்காரரைக் காப்பாற்றத் தடை செய்ததை, 1979ல் மின்சாரத்தைக் காப்பாற்ற அனுமதித்தார்கள்.

மின்சாரம் தனியாகவும் கணப்பு அடக்கமாகவும் ஆனதற்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா? மின்சாரத்தில் பெரிய ஆபத்து வீணடிப்பு. அதற்கு மருந்து மீட்டர். கணப்பில் பெரிய ஆபத்து கொடுக்காமல் விடுவது. அதற்கு மருந்து சட்டம். வீணடித்தால் பணம் போகும். கொடுக்காமல் விட்டால் உயிர் போகும்.

லாபம் யாருக்கு?

'அடக்கம்' என்ற வீட்டில் உண்மையில் வாடகை அதிகமா? 2004ல் ஆரிக் லெவின்சன், ஸ்காட் நீமன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கா முழுவதற்கும் இதைக் கணக்குப் பார்த்தார்கள். எரிசக்திச் செலவு அடங்கிய வீடுகளின் வாடகை, மற்ற வீடுகளை விட அதிகம்தான். ஆனால் அந்த வித்தியாசம் உண்மையான எரிசக்திச் செலவை விடக் குறைவு! அப்படியானால் ஓனர் ஏன் கொடுக்கிறார்? ஒரே மீட்டர் வைப்பதில் வரும் மிச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். "என் கட்டிடம் சிக்கனமாக ஓடும், அதனால்தான் தைரியமாகச் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லாமல் சொல்வது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது காரணம் முக்கியமாகப் படுகிறது. பில் கட்டுகிறவருக்குத்தான் ரிப்பேர் செய்கிற அக்கறை வரும். கரண்ட் பில் குடித்தனக்காரருடையது என்றால், ஓனர் ஏன் நல்ல ஜன்னல் போடப் போகிறார்?

மறுபடியும் ஒரு திருப்பம்

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2019ல் நியூயார்க் நகரம் பெரிய கட்டிடங்களின் கரியமில வெளியீட்டுக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் போட்டது. 2024 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய பாய்லரை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வைக்கலாம் என்பது ஒரு வழி. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஹீட் பம்ப் யாருடைய மீட்டரில் ஓடும்? குடித்தனக்காரருடைய மீட்டரில் ஓடினால், நூறு வருடமாக ஓனர் தலையில் இருந்த கணப்புச் செலவு சத்தமில்லாமல் குடித்தனக்காரர் தலைக்கு மாறிவிடும். மறுபடி கரி சுமக்கிற கதைதான், இந்த முறை கரி கம்பி வழியாக வரும்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சோகமான சாட்சி இருக்கிறது. 2022 ஜனவரி 9 அன்று பிராங்ஸில் ஒரு அடுக்குமாடியில் அறை ஹீட்டர் ஒன்றிலிருந்து தீ கிளம்பியது. 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். கட்டிடத்தின் கணப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதற்கு மேல் கூடுதலாக அந்த ஹீட்டர் ஓடியது என்று தீயணைப்புத் துறை சொன்னது. எண் சரியாக இருந்தாலும் குளிருகிறவருக்குக் குளிரத்தான் செய்யும்.

நம்ம ஊருக்கு வந்தால்

நமக்குக் கணப்பு வேண்டாம், ஃபேன் போதும். ஆனால் அதே இரண்டு சபலங்கள் இங்கேயும் உண்டு. 'கரண்ட் அடக்கம்' என்று சொல்லும் ரூம்களில் அயர்ன் பாக்ஸ் கூடாது, பகலில் ஃபேன் கூடாது, பத்து மணிக்கு மேல் லைட் கூடாது. பில் அவருடையது, சுவிட்சும் அவருடையது. 'தனி' என்று சொல்லும் இடங்களில் சப் மீட்டர், யூனிட்டுக்கு ஓனர் வைத்த விலை. 2016ல் இருந்து தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் இணைப்பு ஓனர் பெயரில் ஒன்றே ஒன்று இருந்து, கீழே மூன்று சப் மீட்டர் ஓடினால் அந்த 100 யூனிட் யாருக்குப் போகிறது? எனக்கு வந்ததில்லை!

அதனால் அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது 'அடக்கமா, தனியா' என்று மட்டும் கேட்கப் போவதில்லை. அடக்கம் என்றால் எவ்வளவு அடக்கம்? தனி என்றால் யார் பெயரில் மீட்டர், யூனிட்டுக்கு என்ன விலை? இந்த இரண்டையும் பேப்பரில் எழுதிக் கேட்கப் போகிறேன். நியூயார்க் குடித்தனக்காரர்கள் குளிரில் நடுங்கிக் கற்றுக்கொண்டது இதைத்தான். வாய்வார்த்தைக்கு ஒரு எண் கிடைக்கும் வரை அது வாய்வார்த்தைதான்.